ரொனால்டோவின் இரண்டாம் ஆட்டம்



பிரேஸில் தேசத்து முன்கள வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். பெலேயின் பிரதாபத்தைக் கேட்கவே சிலர் வந்திருக்கக்கூடும். நான் பேச விரும்புவது ரொனால்டோ லூயிஸ் நசாரியோ என்பவரைப் பற்றி. இன்று சிறுவர் நாவில் புரளும் போர்ச்சுகல் தேசத்து ரொனால்டோ வேறொருவர். இருபது வயதில் உலகத்தைப் பிரமிக்கச் செய்த பிரேஸில் ரொனால்டோவின் ஆட்டத்தைக் காட்டிலும், முழங்கால் தசைநார் அறுந்து கிடந்து எழுந்தபின் அவர் ஆடிய ஆட்டமே மேலானது என்பது என் துணிபு. அத்துணிபுக்கான காரணங்களைச் சபையின் முன் வைக்கவே வந்திருக்கிறேன்.

1976-ஆம் ஆண்டில், ரியோ டி ஜெனிரோ நகரத்தின் வடபுறத்தே பெந்தோ ரிபெய்ரோ என்னும் புறநகரில், எளிய குடும்பத்தில் பிறந்த அந்தப் பிள்ளை, தெருவிலும், கெட்டித் தரையில் அணிக்கு ஐவராக ஆடும் ஃபூட்சால் ஆட்டத்திலும் பொழுதெல்லாம் பந்தோடு பழகினான். உயிரினும் மேலாக நேசித்த ஃபிளமெங்கோ கழகத்தில் சேர விரும்பியும், பயிற்சிக்குப் போய்வரப் பஸ் கட்டணத்துக்கு வழியில்லாமையால் அந்த ஆசை கைகூடவில்லை. சாவ் கிறிஸ்டோவாவ் என்னும் சிறிய கழகத்தில் ஆடிக்கொண்டிருந்தவனை, 1970 உலகக் கோப்பையில் புகழ்பெற்ற ஜெய்ர்சீனியோ கண்டுகொண்டு, பெலோ ஹொரிசாண்டே நகரத்துக் குருசெய்ரோ கழகத்துக்குச் சிபாரிசு செய்தார். அங்கே 47 ஆட்டங்களில் 44 கோல்கள் அடித்ததன் பயனாக, 1994-இல் பதினேழாம் வயதிலேயே தேசிய அணியோடு அமெரிக்கா சென்று, ஒரு நிமிஷமும் களத்தில் இறங்காமலே உலகக் கோப்பையை வென்ற அணியில் ஒருவனாகத் திரும்பினான்.

அதே ஆண்டில் அவனை ஐரோப்பாவுக்கு விற்றுவிட்டார்கள். காப்பியை விற்பதுபோல் ஆட்டக்காரர்களையும் கடல் கடந்து விற்றே பிரேஸில் கழகங்கள் பல காலந்தள்ளுகின்றன; தங்கள் பிள்ளைகளின் சிறந்த பருவத்தைத் தங்கள் மண்ணில் காணும் பாக்கியம் அந்நாட்டு ஜனங்களுக்கு வாய்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் செய்தி.

தமக்கு முன்பே ஹாலந்தில் ஐந்தோவன் நகரத்தின் பி.எஸ்.வி. கழகத்தில் ஆடியிருந்த சக பிரேஸில் வீரர் ரொமாரியோவின் யோசனைப்படி ரொனால்டோ முதலில் அங்கே சென்றார். இரண்டு பருவங்களுக்குப்பின் பாபி ராப்ஸன் என்னும் ஆங்கிலேயப் பயிற்சியாளர் அவரைப் பார்சிலோனாவுக்கு வரவழைத்தார். 1996-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 12-ஆம் தேதி கொம்போஸ்தெலா அணிக்கு எதிராக அவர் அடித்த கோலை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மைதானத்தின் நடுப்பகுதியில் பந்தைப் பெற்ற மாத்திரத்தில் எதிரணியார் சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள். இழுத்த கையை உதறி ஓடுகிறார். இடமும் வலமும் நெருக்கியவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்க, பந்து மட்டும் காலைவிட்டுப் பிரியாமல் கோல் எல்லைக்குள் புகுந்து வலையில் சேர்கிறது. பல்லாண்டு அனுபவமுள்ள ராப்ஸன் எழுந்து நின்று இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஒரு பருவத்தில் 49 ஆட்டங்களில் 47 கோல்கள். அடுத்த ஆண்டே, அதுகாறும் எந்த வீரருக்கும் கொடுக்கப்படாத பெருந்தொகை கொடுத்து இத்தாலியின் இன்டர் மிலான் அவரை வாங்கிக்கொண்டது.

1998 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தன்று பகலில் அவருக்கு வலிப்புக் கண்டது. முதலில் வெளியான பட்டியலில் அவர் பெயர் இல்லை. மருத்துவப் பரிசோதனையில் கோளாறு எதுவும் தென்படவில்லை என்றதும் களத்தில் இறக்கினார்கள். பிரான்ஸ் 3-0 என்று வென்றது. இருபத்தொரு வயது இளைஞர் ஒருவரின் பிணிக்குப் பிரேஸில் பார்லிமெண்டுக் குழு முன் பிற்பாடு விசாரணை நடந்ததென்றால், அவர் தோள்மேல் ஏற்றப்பட்டிருந்த பாரம் எத்தகையதென்று உணரலாம்.

அதன்பின் வந்தது பெருந்துன்பம். 1999 நவம்பரில் வலது முழங்கால் சில்லின் தசைநார் கிழிந்தது. பாரிஸில் ழெரார் சயான் என்னும் மருத்துவர் சிகிச்சை செய்தார். 2000-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 12-ஆம் தேதி ரோம் நகரத்தில் லாட்ஸியோ அணிக்கு எதிராக மாற்று ஆட்டக்காரராக மீண்டும் இறங்கிய சில நிமிஷங்களில், பந்தின்மேல் காலை வீசி எதிரியை ஏமாற்ற முயன்றபோது, அதே தசைநார் முழுவதும் அறுந்தது. அவர் தரையில் விழுந்து அலறியதைக் கண்ட இரு அணியினரும் செய்வதறியாது கலங்கி நின்றனர். முழங்காற் சில்லைக் கணைக்காலோடு இணைப்பது அந்த நார். அது அறுந்தால் மடக்கிய காலை நீட்டவே இயலாது, ஓடுவதெங்கே? மறுபடியும் சயானின் கத்தி. மறுபடியும் முழங்காலைச் சிறிது சிறிதாக மடக்கி நீட்டும் வேதனை. அடுத்த பருவம் முழுவதும் ஓர் ஆட்டமும் ஆடாமல் அந்தத் தவத்தைச் செய்தார்.

2002-இல் பயிற்சியாளர் ஸ்கொலாரி, தேசமெங்கும் ஜனங்கள் வேண்டிக்கொண்ட ரொமாரியோவை விலக்கி, முழுமையாகத் தேறினாரா என்று பலரும் ஐயுற்ற ரொனால்டோவை அழைத்துக்கொண்டு உலகக் கோப்பை ஆடக் கிழக்கே சென்றார். என் துணிபுக்குச் சான்று அங்கேதான் இருக்கிறது. பழைய ரொனால்டோ பாதி மைதானத்தைத் தாண்டி ஓடியவர். இவரோ சிறிய இடத்தில், சரியான கணத்தில் காரியத்தை முடிப்பவர். துருக்கிக்கு எதிரான அரையிறுதியில், தடுப்பவர்கள் சூழ்ந்திருக்க, காலைப் பின்னுக்கு வீசாமலே ஓடுகிற ஓட்டத்தில் பெருவிரல் நுனியால் பந்தைத் தட்டிவிட்டார். கோல்கீப்பருக்கு முன்னறிவிப்பே கிடைக்கவில்லை. ஃபூட்சால் பழகியவர்க்கே கைவரும் வித்தை அது. ஜூன் 30 அன்று யோகோஹாமாவில் நடந்த இறுதி ஆட்டத்தில், அதுவரை ஒரே ஒரு கோல் மட்டும் விட்டுக்கொடுத்திருந்த ஜெர்மானியக் கோல்கீப்பர் ஒலிவர் கான் கைநழுவவிட்ட பந்தைப் பாய்ந்து வலைக்குள் சேர்த்தார். பின்னர், சக வீரர் கிளெபர்சன் அனுப்பிய பந்தை மற்றொரு சக வீரர் ரிவால்டோ தொடாமல் விட்டுவிட, அதை நிறுத்தி, நிதானித்து, மூலை பார்த்து வைத்தார். போட்டியில் மொத்தம் 8 கோல்கள். வேகம் தேகத்தின் உபகாரம். இந்த நிதானமோ துன்பத்தில் அவரே ஈட்டிய சொத்து. ஆகவேதான் இதை மேலென்கிறேன்.

பின்னர் ரியல் மட்ரிட்டுக்காக மான்செஸ்டரில் மூன்று கோல்கள் அடித்துவிட்டு வெளியேறியபோது எதிரணி ரசிகர்களே எழுந்து கைதட்டினர். 2006-இல் கானாவுக்கு எதிராக உலகக் கோப்பையில் தம்முடைய 15-ஆவது கோலை அடித்து, அதுவரை அப்போட்டியில் மிகுதியான கோல்கள் அடித்திருந்த கெர்ட் முல்லரைத் தாண்டினார். 2008-இல் ஏ.சி. மிலான் கழகத்துக்காக ஆடும்போது இடது முழங்காலின் தசைநாரும் அவ்வாறே அறுந்தது.

பலர் ஓய்வு பெறுவார் என்று எண்ணியிருக்க, அவர் தாய்நாட்டுக்கே திரும்பி, இரண்டாம் பிரிவிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த கொரிந்தியன்ஸ் கழகத்தில் சேர்ந்தார். 2009 மார்ச்சில், பரம வைரியாகிய பல்மெய்ராஸுக்கு எதிராகக் கடைசி நிமிஷங்களில் தலையால் முட்டிச் சமன்செய்தபோது, அவரை எட்டிப்பிடிக்க ரசிகர்கள் ஏறிய கம்பி வேலி பாரம் தாங்காமல் சரிந்துவிட்டது. அவ்வாண்டே சாவ் பாவ்லோ மாகாணப் பட்டத்தையும் பிரேஸில் கோப்பையையும் அக்கழகம் வென்றது. உடல் பருத்ததைச் சொல்லி அவரைப் பரிகசித்தவர்களும் உண்டு. 2011 பிப்ரவரியில் விடைபெற்றபோதுதான் தமக்குத் தைராய்டுக் குறை இருப்பதை அவர் வெளியிட்டார். பரிகசித்தவர்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசியாக ஒரு செய்தி. கடனில் மூழ்கி இரண்டாம் பிரிவில் கிடந்த குருசெய்ரோவின் பெரும்பங்கை 2021 டிசம்பரில் வாங்க முன்வந்தார். அடுத்த ஆண்டே அப்பிரிவில் முதலிடம் பெற்று அக்கழகம் மேற்பிரிவுக்கு ஏறியது. 2024-இல் பங்கை வேறொருவர் கையில் ஒப்புவித்தார்.