கடன் உண்டு, குடிதண்ணீர் உண்டா?



செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலே ஏழைக் கிராமத்தவர் எவ்வாறு வீடு பெறுகின்றனர் என்பதைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறோம்.

1949ஆம் ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி ட்ரூமன் ஒப்பமிட்ட வீடமைப்புச் சட்டம், குடும்பந்தோறும் தகுந்த வீடு என்பதை அந்நாட்டின் இலட்சியமாக்கியது. அதன் 502ஆம் பிரிவின் கீழ் முதலிற் கமக்காரரே கடன் பெற்றனர். 1961இல் கிராமத்து ஏனையோருக்கும் அவ்வுரிமை விரிக்கப்பட்டது. இன்றும் அதனை நடத்துவது கமத்தொழில் இலாகாவே.

கடன் இருவகைப்படும். வறியோருக்கு அரசாங்கமே நேராகக் கடன் கொடுக்கிறது. தவணை 33 ஆண்டு. மிகக் குறைந்த வருமானமுடையோருக்கு 38 ஆண்டு வரை. உதவிப் பணம் சேரும்போது வட்டி நூற்றுக்கு 1 வீதம் வரை இறங்கும். வீட்டை விற்கும்போது அவ்வுதவியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்க நேரிடலாம். இரண்டாவது வகையில் வங்கி கடன் கொடுக்கிறது. நூற்றுக்கு 90 வீதத்துக்கு அரசாங்கம் பிணை நிற்கிறது. இரண்டிலும் முற்பணம் வேண்டியதில்லை.

இனி, தகுதியைக் கவனிப்போம். ஊர் கிராமமாயிருக்க வேண்டும்; 35,000 பேருக்கு மேற்பட்ட நகரம் கிராமமாகாது. பிணைக் கடனாயின், குடும்ப வருமானம் அப்பகுதியின் இடைநிலை வருமானத்தில் நூற்றுக்கு 115 வீதத்தைத் தாண்டலாகாது. வீடு எளியதாயும் சுகாதாரத்துக்கு ஏற்றதாயும் இருத்தல் வேண்டும். பெறுபவர் பிரசையாகவோ சட்டப்படி தகுதியுள்ள குடிவரவாளராகவோ இருத்தல் வேண்டும்.

காகிதத்தில் இவை நியாயமாகவே தோன்றும். கலிபோர்னியாவின் துலாரே மாவட்டத்துக்குச் சென்று பார்ப்போமாயின், நன்மையும் குறையும் ஒருங்கே புலப்படும். பாலும் தோடம்பழமும் முந்திரிகைப்பழமும் குவியும் அம்மாவட்டம், விளைபொருட் பெறுமதியில் அமெரிக்காவின் முன்னணி மாவட்டங்களுள் ஒன்று. அங்கே பழம் பறிக்கும் தொழிலாளரோ வறியவர்.

அங்குள்ள கோஷன் என்னுஞ் சிற்றூரில், 1960களின் தொடக்கத்தில், குவேக்கர் சமயத்தாரின் சேவைச் சங்கம் ஒரு புது வழி கண்டது. அயற் குடும்பங்கள் சில குழுவாகச் சேர்ந்து, அரசாங்கக் கடனில் பொருள் வாங்கி, ஒருவர் வீட்டை மற்றவர் கட்டிக் கொடுத்தன. இன்று நாடெங்கும் நடைபெறும் அம்முறையில், வேலையில் ஏறக்குறைய நூற்றுக்கு 65 வீதம் குடும்பங்களின் உழைப்பே. எல்லா வீடுகளும் முடியும்வரை எவரும் குடிபுகுவதில்லை. வயலில் ஒருவருக்கொருவர் கைமாறி வேலை செய்யும் நம் கமக்காரருக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் குறையும் அங்கேயே இருக்கிறது. வயலுக்கிட்ட உரமும் மாட்டெருவும் நிலத்தடி நீரில் நைத்திரேற்றாகச் சேர்ந்து, பல சிற்றூர்க் கிணறுகளைக் கெடுத்துவிட்டன. அது கைக்குழந்தைகளுக்குப் பெருங்கேடு. 2014ஆம் ஆண்டு வறட்சியிலே கிழக்குப் போட்டர்வில் என்னும் ஊரில் நூற்றுக்கணக்கான வீட்டுக் கிணறுகள் வற்றின. மக்கள் போத்தல் தண்ணீரில் வாழ்ந்தனர். நகரக் குழாய் இணைப்பு முடிய 2018 ஆயிற்று. நல்ல நீரில்லாத வீட்டுக்கு அரசாங்கக் கடன் கிடைப்பது அரிது. எந்த ஊருக்கு உதவி மிகத் தேவையோ, அந்த ஊரே தகுதியிழந்து நிற்கிறது! பிரசாவுரிமை நிபந்தனையோ, குடியுரிமைப் பத்திரமில்லாத தொழிலாளரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

இவ்விரண்டையும் நாம் அந்நியர் கதையென்று கேட்டிருக்க முடியுமா? 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் அக்குறை தீர்ந்தபோதிலும், உறுதியில்லாத லயன் அறைகளில் இன்றும் பல குடும்பங்கள் வாழ்கின்றன. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கற் பூமியில், வெங்காயத் தோட்டத்துக்கிட்ட உரமும் மலகூடக் குழியின் கசிவும் கிணற்றைச் சேர்கின்றன. அங்கும் பல கிணறுகளில் நைத்திரேற்று அளவை மீறியிருக்கிறது.

ஆகவே, வீட்டுத் திட்டம் எதுவாயினும் நாம் கேட்க வேண்டியவை மூன்று: காணி உறுதி யார் பெயரில்? தவணை எத்தனை ஆண்டு, வட்டி எவ்வளவு? கிணற்று நீரைப் பரிசோதித்தவர் யார்? இக்கேள்விகளுக்கு எழுத்தில் விடை பெறுவதற்குச் சட்டத்தரணியும், வைத்தியரும், பொறியியலாளரும் கமக்காரரின் பக்கத்தில் அமர்ந்து விண்ணப்பத்தை வாசித்துக் காட்ட வேண்டும். படித்தவர் தம் ஊருக்குப் பட்ட கடன் அது. அக்கடனைத் தீர்க்க, இங்கு கூடியிருக்கும் உத்தியோக அன்பர்கள் முன்வருவார்களென நம்புகிறோம்.