பச்சிலையும் பகுத்தறிவும்

(நைனார்பாளையத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



வெட்கப்பட்டு மறைக்கப்படும் ஒரு வியாதியைப் பற்றி இன்று வெளிப்படையாய்ப் பேசுவோம். குழந்தையின் வாயில் தயிர் படிந்ததுபோல் காணும் அக்கரமும், பெண்களுக்கு அரிப்போடு வரும் ஒருவகை வெள்ளைப்படுதலும் பெரும்பாலும் ஒரே கிருமியால் வருவன. அதன் பெயர் கேண்டிடா. கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டின் இனம். நல்ல தேகத்திலும் அது சும்மா குடியிருப்பதுண்டு. நீரிழிவு, கர்ப்பம், ஆன்டிபயாட்டிக் மருந்து, பலக்குறைவு இவற்றால் இடம் கிடைத்தால் பெருகிவிடும். இதில் தெய்வக் குற்றம் எங்கே? நடத்தைக் குற்றந்தான் எங்கே? மந்திரிப்பவனுக்கு இங்கே என்ன வேலை?

சரி, மருந்து என்ன? கல்வராயன் மலையடியில் இருக்கும் நமக்குப் பச்சிலைக்குப் பஞ்சமில்லை. பூண்டும் மஞ்சளும் வேம்பும் இதைக் கொல்லும் என்கின்றார்கள். முன்னோர் சொன்னதாலேயே நம்பவும் வேண்டாம். நாட்டு மருந்து என்பதாலேயே தள்ளவும் வேண்டாம். சோதிப்போம்.

கண்ணாடித் தட்டில் கடற்பாசிக் கூழை உறையவைத்து, மேலே ஈஸ்ட்டைத் தடவி, நடுவில் இலைச்சாற்றை வைக்கின்றார்கள். சாற்றுக்குச் சக்தி இருந்தால் மறுநாள் அதைச் சுற்றி ஈஸ்ட் வளராத வெற்று வட்டம் தெரியும். ஆனால் சாற்றைச் சாராயத்தில் இறக்கியிருந்தால், கொன்றது இலையா, சாராயமா? அதற்காகவே வெறும் சாராயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றார்கள். பகுத்தறிவு என்பது இதுதான்.

பூண்டிலுள்ள அல்லிசினை 1944-ல் அமெரிக்காவில் காவல்லிட்டோவும் பெய்லியும் கண்டறிந்தார்கள். தட்டில் அது கேண்டிடாவை அடக்குகின்றது. அப்படியானால் பூண்டைத் தின்றால் போதுமா? ஆஸ்திரேலியாவில் 63 பெண்களில் ஒரு பகுதியாருக்குப் பூண்டு மாத்திரையும், மற்றவர்களுக்குப் போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2014-ல் வெளியான முடிவின்படி, கிருமியின் அளவில் வித்தியாசம் தென்படவில்லை. தட்டு வேறு, தேகம் வேறு.

இன்னொன்று: ஈஸ்ட்டின் உயிரணு நம் உயிரணுவுக்குப் பலவிதத்தில் ஒத்தது. அதைக் கொல்வது நம்மையும் சுடலாம். பச்சைப் பூண்டை உள்ளே வைத்துப் புண்ணாக்கிக்கொள்ளாதீர்கள். ஹேசன், பிரவுன் என்ற இரண்டு பெண்கள் மண்ணிலுள்ள நுண்ணுயிரிலிருந்து எடுத்து 1950-ல் அறிவித்த நிஸ்டாட்டின், நம் உயிரணுவில் இல்லாத, ஈஸ்ட்டின் உறையில் உள்ள எர்கோஸ்டிராலைப் பிடித்து ஓட்டையிடுகின்றது. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்போர் இதற்குப் பதில் சொல்லட்டும்.

ஆகவே தோழர்களே, பச்சிலையைக் கும்பிடவும் வேண்டாம், இகழவும் வேண்டாம். அதைச் சோதிக்கும் படிப்பை நம் பெண்மக்களுக்குக் கொடுங்கள். அதுவரை, அரிப்புக் கண்டவர்கள் மறைக்காமல் டாக்டரிடம் செல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டியது வியாதிக்கல்ல; அதை மறைக்கச் சொல்லும் மூடவழக்கத்துக்கே.