பலர் இட்ட பொருளில் ஒரு படம்

(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் உறுப்பினர் பலர்க்கும் சென்ற திங்களில் ஒரு விண்ணப்பம் வந்திருத்தலை அறிவீர்கள். நம் பிள்ளைகள் மூவர் ஒரு திரைப்படம் எடுக்கக் கருதி, வீட்டிற்கு 500 ரூபாய் உதவுமாறு அதில் வேண்டியிருக்கின்றனர். அதனைக் கண்ட பெரியோருள் சிலர், "கல்விக்குக் கேட்டால் கொடுக்கலாம், கூத்துக்குக் கேட்டால் எங்ஙனம் கொடுப்பது?" என்றனர். வேறு சிலர், "கொடுத்தால் நமக்கு வருவது யாது?" என்று வினவினர். இளைஞரோ, "உலகெங்கும் இப்படித்தானே நடக்கிறது" என்று விடையிறுத்தனர். உலகில் நடப்பது யாது என்பதனை ஆராய்ந்து கூறுமாறு செயலாளர் அவர்கள் பணித்தமையின், இலக்கணம் கற்பிப்பதே தொழிலாகவுடைய யான் இப்பொருளிற் புகுந்தேன். புகுந்தபின், இதில் நம் சங்கம் எண்ணிப் பார்க்க வேண்டுவன பல உள என்று கண்டேன்.

ஒரு படம் எடுப்பதற்கு வேண்டும் பொருள் பெரும்பாலும் இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, வட்டிக்குக் கடன் தரும் பைனான்ஸியர் கைப்பொருள். மற்றொன்று, படம் முடியுமுன்னரே விநியோகஸ்தர் தரும் முன்பணம். இருவரும் தம் பொருள் திரும்பி வருதலையே நோக்குவர், அது குற்றமன்று. ஆயினும், பொருள் தந்தவன் கதையைக் கேட்கிறான். கேட்டவன் திருத்தம் சொல்கிறான். இன்ன நடிகர் வேண்டும், இத்தனை பாட்டு வேண்டும், முடிவு மங்கலமாக இருத்தல் வேண்டும் என்கிறான். இங்ஙனம் பலர் கைபட்ட கதை, எழுதியவனுக்கே அடையாளம் தெரியாதபடி ஆகிவிடுதல் உண்டு. இதற்கு அஞ்சியவர்கள், பெரும்பொருளை ஒருவரிடம் பெறுவதை விடுத்துச் சிறுபொருளைப் பலரிடம் பெறுவோம் என்று எண்ணினர். இதனையே இக்காலத்தார் 'க்ரவுட் ஃபண்டிங்' என்று வழங்குகின்றனர். பெயர் புதிது, செயல் பழையது. ஊர் கூடிக் குளம் வெட்டிய நாட்டில் இதற்கு விளக்கம் மிகுதியும் வேண்டா.

நம் நாட்டில் இம்முறையில் எழுந்த படங்களுள் யாவரும் முதற்கண் அறிய வேண்டுவது, 1976-இல் வெளிவந்த 'மந்தன்' என்னும் இந்திப் படம். 'மந்தன்' என்பதற்குக் கடைதல் என்பது பொருள். இயக்கியவர் ஷியாம் பெனகல். கூர்ச்சர நாட்டு ஆனந்த் நகரில் 1946-இல் தொடங்கிய பால் கூட்டுறவு இயக்கத்தைப் பற்றி அவர் முன்னரே செய்திப்படங்கள் எடுத்திருந்தார். அவ்வியக்கத்தின் கதையை முழுநீளப் படமாக்க விரும்பியபோது பொருள் இல்லை. வங்கிக்கோ பம்பாய் முதலாளிகளுக்கோ செல்லாமல் அதற்கு வழி கண்டவர், அவ்வியக்கத்தை நடத்திவந்த வர்கீஸ் குரியன். கூர்ச்சரக் கூட்டுறவுப் பால் கூட்டமைப்பில் அந்நாளில் 5 இலட்சம் உழவர் சேர்ந்திருந்தனர். நாடோறும் காலையும் மாலையும் பால் கொணர்ந்து ஊற்றுவோர் அவர். ஒரு முறை மட்டும் ஆளுக்கு 2 ரூபாய் குறைத்துக்கொண்டு பால்விலை பெறுவீரா என்று கேட்கப்பட்டது, இசைந்தனர். இரண்டை ஐந்து இலட்சத்தாற் பெருக்கினால் 10 இலட்சம் ரூபாய். படம் எடுத்து முடிக்க அது போதுமானதாயிற்று.

பெரியோர்களே! இச்செயலில் யான் வியப்பது தொகையை அன்று. படத்தின் தொடக்கத்தில், இதனை வழங்குவோர் கூர்ச்சரத்து 5 இலட்சம் உழவர் என்று எழுத்திற் பொறிக்கப்பட்டது. தயாரிப்பாளர் பெயர் வரும் இடத்தில் பால் கறப்போர் பெயர் வந்தது. படம் வெளிவந்தபின், தம் படத்தைக் காண்பதற்கு ஊர் ஊராக லாரிகளிலும் வண்டிகளிலும் அவர்கள் திரண்டு வந்தனர் என்பர். பொருள் இட்டவரே பார்வையாளரும் ஆயினமையின், கொட்டகைக்கு ஆள் தேடும் தொல்லை நீங்கிற்று. பின்னர் அப்படத்தின் சிறு சுருள் பிரதிகள் நாட்டின் பிற பகுதிகட்கும் சென்றன. கால்நடை மருத்துவரும் பால் தொழில் அறிந்தோரும் உடன் சென்று, படத்தைக் காட்டி, ஆங்காங்குக் கூட்டுறவுச் சங்கம் அமைக்க மக்களை ஊக்கினர்.

இனி, அப்படம் அவ்வுழவர்களைப் பற்றி என்ன கூறிற்று? இதுவே நாம் உற்று நோக்கற்பாலது. ராவ் என்னும் கால்நடை மருத்துவர் ஒரு சிற்றூருக்கு வருகிறார். பால் வாங்கும் வணிகர் ஏமாற்றுகிறார். ஊர்த் தலைவர் கூட்டுறவையும் தம் அதிகாரத்துள் அடக்க முயல்கிறார். ஒடுக்கப்பட்ட மக்கள் தம்மோடு சமமாக வரிசையில் நின்று பால் ஊற்றுதலை மேற்குலத்தார் பொறுக்கமாட்டாது குமுறுகின்றனர். தேர்தலில் தோற்ற தலைவர் எதிர்ப்பக்கம் சாய்கிறார். இறுதியில் மருத்துவர் மாற்றப்பட்டு ஊரை விட்டுச் செல்கிறார். சங்கத்தை எடுத்து நடத்தும் பொறுப்பு போலா என்னும் ஒடுக்கப்பட்ட குலத்து இளைஞன் தோளில் விழுகிறது. இதில் முகமன் யாண்டு உளது? பொருள் தந்தோர் ஊரின் அழுக்கே திரையில் விரிந்தது. தந்தவர் யாரும் எம்மை இழித்துக் காட்டினீர் என்று கேட்டிலர். காசைத் திருப்பித் தருக என்றும் கேட்டிலர். அவ்வாண்டின் சிறந்த இந்திப் படத்திற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. திரைக்கதைக்காக விஜய் தெண்டுல்கரும் தேசிய விருது பெற்றார். படச்சுருள் செப்பனிடப்பெற்று 2024-இல் பிரான்சு நாட்டுக் கான் விழாவில் மீண்டும் திரையிடப்பட்டது; பெனகல் அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. 5 இலட்சம் பேர் தாமே முன்வந்து படம் வேண்டும் என்று கேட்டாரல்லர். குரியன் எண்ணினார், கூட்டமைப்பு ஏற்பாடு செய்தது, உழவர் இசைந்தனர். நம்பிக்கையுள்ள ஒரு நிலையம் முன்னரே இருந்தமையாலும், நாடோறும் பணம் கைமாறும் கணக்கு அங்கே செம்மையாக நடந்தமையாலுமே அஃது எளிதாயிற்று.

அத்தகைய நிலையம் இல்லாதார் என் செய்வர்? இதற்கு விடை மலையாள நாட்டில் உளது. ஜான் ஆபிரகாம் என்னும் இயக்குநரை நம்மவர் மறத்தல் ஆகாது. 1977-இல் 'அக்ரகாரத்தில் கழுதை' என்னும் தமிழ்ப் படத்தை எடுத்துத் தேசிய விருது பெற்றவர் அவரே. புனா திரைப்படக் கல்லூரியில் ரித்விக் கட்டக்கிடம் பயின்றவர். எந்த முதலாளிக்கும் அடங்காத இயல்பினர். அவரும் நண்பர்களும் 'ஒடேசா' என்னும் குழுவை அமைத்தனர். கேரளத்துச் சிற்றூர்கள்தோறும் புரொஜக்டர் ஒன்றைத் தூக்கிச் சென்று, சார்லி சாப்ளினுடைய 'தி கிட்' என்னும் பேசாப் படத்தைத் திரையிட்டனர். காண வந்த மக்களிடம் அடுத்து எடுக்கப்போகும் படத்திற்காகக் காசு கேட்டனர். ஒரு ரூபாய் தந்தாரும் உளர். அதனினும் குறைவாகத் தந்தாரும் உளர். இங்ஙனம் திரண்ட பொருளில் 1986-இல் 'அம்ம அறியான்' என்னும் படம் உருவாயிற்று. இறந்த நண்பன் ஒருவனுடைய செய்தியை அவன் அன்னைக்கு அறிவிக்கப் புறப்படும் இளைஞன், வழியெல்லாம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வயநாட்டிலிருந்து கொச்சி வரை செல்லும் கதை அது. எடுத்து முடித்த படத்தையும் வாணிகக் கொட்டகைக்குக் கொடாமல், பொருள் தந்த ஊர்களுக்கே கொண்டுசென்று காட்டினர்.

இங்கே தந்தவர்க்கு மீண்டு வந்தது காசு அன்று, படமே. இலாபம் என்னும் பேச்சே எழவில்லை. ஆனால் இம்முறையில் உடல் தேயும். ஊர் ஊராய் நடந்து நாணயம் சேர்க்கும் வேலை எத்தனை பேர்க்கு இயலும்? ஜான் ஆபிரகாம் 1987 மே 31-இல் கோழிக்கோட்டில் மாடியிலிருந்து தவறி வீழ்ந்து இறந்தார். 'அம்ம அறியான்' அவருடைய கடைசிப் படமாயிற்று. அவருக்குப் பின் அவ்வழியில் அவ்வளவு பெரிய முயற்சி ஒன்றை அக்குழு செய்து காட்டியதாக யான் அறிந்திலேன்.

நிற்க. நடையாய் நடந்து சேர்த்த காசை, இணையம் வந்தபின் இருந்த இடத்திலிருந்தே சேர்க்கலாயிற்று. கன்னட நாட்டுப் பவன் குமார் தம் கதைக்கு முதலிட ஒருவரும் கிடையாமல், 2011-இல் தம் வலைப்பதிவில் தம் குறையை எழுதினார். படித்தவர் தாமே பொருள் தர முன்வந்தனர். 110 பேர் சேர்ந்து ஏறத்தாழ 50 இலட்சம் ரூபாய் தந்தனர். ஒரு திங்கட்குள் அது திரண்டது. 'லூசியா' என்னும் அப்படம் 2013-இல் இலண்டன் இந்தியத் திரைப்பட விழாவிற் காட்டப்பெற்று, காண்போர் வாக்களித்துத் தரும் பரிசையும் பெற்றது; பின்னர்க் கருநாடகத்திலும் நன்றாக ஓடிற்று. அதனையே 2015-இல் 'எனக்குள் ஒருவன்' என்னும் பெயரில் தமிழிலும் எடுத்தனர். ஒனிர் என்பார் இயக்கிய 'ஐ ஆம்' என்னும் இந்திப் படத்திற்கும் பற்பல நகரத்தார் இங்ஙனமே பொருள் உதவினர்.

மேனாட்டுக் கதைகள் பலவுள. ஒன்றிரண்டு கூறி அமைவேன். அமெரிக்க நடிகர் ஜான் கசவெட்டிஸ், நள்ளிரவு வானொலியில் தோன்றி, எளிய மக்களைப் பற்றிய படம் வேண்டுமாயின் ஒவ்வொருவரும் ஒரு டாலர் அனுப்புக என்றார். கேட்டவர் அனுப்பினர். அப்பொருளைத் தொடக்கமாகக் கொண்டு எழுந்ததே 'ஷேடோஸ்' என்னும் படம். அது நிகழ்ந்தது 1957-இல். இதன் மறுபக்கமும் உண்டு. 2009-இல் தோன்றிய 'கிக்ஸ்டார்ட்டர்' என்னும் இணையநிலையத்தின் வழியே, 2013-இல் 'வெரோனிகா மார்ஸ்' என்னும் படத்திற்கு 91,585 பேர் 57 இலட்சம் டாலர் தந்தனர். அக்கதையின் உரிமையோ வார்னர் பிரதர்ஸ் என்னும் பெருஞ்செல்வ நிறுவனத்தினுடையது. தந்தவர்க்குச் சட்டையும், படப்பிரதியும், அவை போல்வனவும் கிடைத்தன. வருவாயிற் பங்கு கிடைத்திலது. அன்பால் தந்தோம் என்று அவர்கள் மகிழ்ந்திருக்கலாம். எனக்கோ, பசியாதவன் இலையில் பலர் சோறிட்டது போலத் தோன்றுகிறது.

அந்நிலையத்தின் விதி ஒன்று மட்டும் எனக்கு மிகவும் உவப்பானது. கேட்ட தொகை குறித்த நாளுக்குள் முழுதும் சேராவிடின், ஒருவரிடமும் ஒரு காசும் பெறப்படமாட்டாது. பாதிப் பணத்தில் பாதிப் படம் எடுத்து நடுவே நின்றுவிடும் கேட்டிற்கு இது நல்ல காப்பு. நம் பிள்ளைகள் விண்ணப்பத்தில் இவ்விதி இல்லை. சேர்த்துக்கொள்ளுமாறு அவர்கட்குக் கூறியிருக்கிறேன்.

இனி, "கொடுத்தால் நமக்கு வருவது யாது?" என்ற வினாவிற்கு வருவோம். அதற்கு விடை, நாம் எதுவாகக் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொடையாகக் கொடுத்தால் திரும்ப எதிர்பாரற்க. படச்சீட்டின் முன்விலையாகக் கொடுத்தால் படத்தைக் காண உரிமை உண்டு. பங்காகக் கொடுப்பதே சிக்கலானது. இந்நாட்டில் இணையத்தின் வழியாகப் பொதுமக்கட்கு நிறுவனப் பங்கை விற்றுப் பணம் திரட்டுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. 'செபி' நிறுவனம் 2014-இல் இதுபற்றி ஒரு கலந்தாய்வுக் குறிப்பை வெளியிட்டது. 2016-இல் அத்தகைய தளங்களை நம்பிப் பணம் இடுவோரை எச்சரித்தது. ஆதலின் "இலாபத்தில் இத்தனை விழுக்காடு தருவோம்" என்று யாரேனும் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், அதனை ஒரு வழக்கறிஞரிடம் காட்டாமல் பணம் கொடுத்தல் ஆகாது. நம் பிள்ளைகள் விண்ணப்பம் "உதவி" என்றும் கூறுகிறது. பிறிதோரிடத்தில் "பங்குதாரர்" என்றும் கூறுகிறது. இரண்டும் ஒன்றல்ல. எது என்பதைத் தெளிவாக எழுதித் தருக என்று கேட்பது அவர்களை ஐயுறுவதாகாது.

இன்னும் ஒன்று உண்டு. அதனைக் கூறச் சிறிது தயங்கினேன். விண்ணப்பத்தைக் கண்ட அன்பர் ஒருவர், "நம் குலப்பெருமையைக் கூறும் படமாயின் ஐயாயிரம் தருவேன், இன்றேல் ஒரு காசும் தரேன்" என்றார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. அவர் கொடைக்கை இச்சங்கம் அறிந்தது. ஆயினும் அவர் சொல்லை யான் ஒப்பேன். பைனான்ஸியர் கதையைத் திருத்துகிறார் என்று தானே இப்பிள்ளைகள் நம்மிடம் வந்தனர்? நாமும் திருத்தப் புகுந்தால், ஒரு முதலாளிக்குப் பதிலாக முந்நூறு முதலாளிகளை அவர்கட்குக் கொடுத்தவராவோம். கூர்ச்சரத்து உழவருள் எல்லாக் குலத்தாரும் இருந்தனர். ஒடுக்கப்பட்டவன் சங்கத்தை ஏற்று நடத்தும் கதைக்கு மேற்குலத்தானும் தன் 2 ரூபாயை இட்டான். நம் விண்ணப்பம் ஒரு குலத்தாரிடம் மட்டும் சென்றமையின், அவ்விரிவு நமக்கு இல்லை. பிள்ளைகள் பிற தெருக்கட்கும் செல்லட்டும். அங்கே கிடைக்கும் 500 ரூபாய் நம் 500 ரூபாயைக் காட்டிலும் அவர்கட்கு மிகுந்த பயன் தரும் என்பது என் கருத்து.

கதையில் நாம் தலையிடலாகாது எனின், கணக்கில் தலையிடலாம்; தலையிடவும் வேண்டும். பணம் தனி வங்கிக் கணக்கில் இருத்தல் வேண்டும். இருவர் கையொப்பமின்றி எடுத்தல் கூடாது. திங்கள்தோறும் வரவு செலவை நம் திங்களிதழில் ஒரு பக்கத்தில் அச்சிடுவோம். ஆனந்தில் ஒவ்வொரு பால்காரனுக்கும் அன்றன்று ஊற்றிய பாலும் கொழுப்பும் குறித்துச் சீட்டுக் கொடுத்தனர். அச்சீட்டின்மேல் வளர்ந்த நம்பிக்கையே 2 ரூபாயாக வந்தது. இளைஞர் மூவரும் இதற்கு உடன்பட்டிருக்கின்றனர்.

"கல்விக்கு இருக்கும் பொருளை இதற்குத் தரலாமா?" என்பார்க்கு என் விடை, தரலாகாது என்பதே. கல்வி நிதியில் ஒரு காசும் இதற்கு எடுத்தல் கூடாது. விரும்புவார் தத்தம் கைப்பொருளினின்றும் தனியே தருக. யான் 500 ரூபாய் கொடையாகத் தருவதாகக் கையொப்பமிட்டுள்ளேன். அவர்கள் கதையை இன்னும் கேட்டிலேன்.

அடுத்த திங்கட் கூட்டத்தன்று மாலை, நம் மண்டபத்தில் 'மந்தன்' படத்தைத் திரையிடச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கின்றார்கள். இந்தி அறியாதார்க்கு இடையிடையே பொருள் கூற யான் இருப்பேன். தாய்மார்களும் குழந்தைகளும் வருமாறு வேண்டுகிறேன்.