அறிவையும் மனத்தையும் அளப்போம்

(ஃபீனிக்ஸ் பேயில் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழா நாளில் நோயையும் இறப்பையும் பற்றிப் பேசலாமா என்று சிலர் நினைக்கக்கூடும். அவை இரண்டும் எட்டிப் பாராத இல்லம் ஒன்றேனும் உண்டா? ஆதலால் பேசத்தான் வேண்டும்.

ரங்கத்திலிருந்தும் ஹட்பேயிலிருந்தும் வரும் கப்பல்கள் நம் ஃபீனிக்ஸ் பே துறையில் நோயாளிகளையும் இறக்கிவிடுகின்றன. அவர்களுள் முற்றிய புற்றுநோயாளரும் உளர். அத்தகையோரிடம், 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால், அது உண்மையன்று. நோயைத் தீர்க்க இயலாதபோதும் வலியைத் தணிக்கலாம், மூச்சுத் திணறலைக் குறைக்கலாம், அச்சத்தை ஆற்றலாம். இதனையே ஆதரவுச் சிகிச்சை என்கிறோம்.

1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் இதற்கெனவே ஓர் இல்லம் திறந்தார். 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் இராஜகோபாலும் நண்பர்களும் இப்பணியைத் தொடங்கினர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே அறிவித்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இச்சிகிச்சையை இல்லம் தேடிக் கொண்டு செல்கிறது.

வழி உண்டு. ஆயினும், படுக்கையருகே நிற்கும் செவிலியர் அதனை அறிவாரா? அறிந்தாலும் செய்ய மனம் துணியுமா? இவை இரண்டும் வெவ்வேறு வினாக்கள். இரண்டையும் தனித்தனியே அளத்தல் வேண்டும்.

அறிவை அளக்கக் கனடா நாட்டு அறிஞர் 1996இல் இருபது கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டனர். 'சரி', 'தவறு', 'தெரியாது' என விடையளிக்கலாம். வலிக்காக நெடுநாள் மார்ஃபின் கொடுத்தால், அதற்கு அடிமையாதல் பெருஞ்சிக்கலாகும் என்பது போன்றதொரு கூற்று அதில் உண்டு. 'தவறு' என்பதே விடை. 'சரி' என்று எழுதும் செவிலியர் கொடியவர் அல்லர், அஞ்சுகிறவர். ஆனால், அவ்வச்சத்தின் விலையை இரவெல்லாம் துடிக்கும் நோயாளியன்றோ கொடுக்கிறார்! நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அவ்வச்சத்தை வளர்த்தது. 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. மனங்கள் அத்துணை விரைவில் திருந்துவதில்லை.

மனப்பாங்கை அளக்க வேறொரு கருவி உண்டு. அமெரிக்காவில் ஃப்ரோமெல்ட் அம்மையார் 1991இல் முப்பது கூற்றுகளைத் தொகுத்தார். இறக்கும் தறுவாயில் உள்ளவரோடு இறப்பைப் பற்றிப் பேச மனம் கூசுகிறதா, குடும்பத்தாரையும் பேண வேண்டுமா என்பவை போன்றவை அவை. உடன்பாடு எவ்வளவு என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். மருந்தின் அளவு தெரிந்தும், நோயாளியின் கண்ணை நோக்க இயலாதவர் உண்டு. அன்பு மிகுந்தும் மருந்தறியாதவர் உண்டு. முன்னவருக்குத் துணையும் பழக்கமும் தேவை. பின்னவருக்குப் பாடம் தேவை. அளந்தாலன்றி யாருக்கு எது என்று எப்படி அறிவது?

இத்தீவுகளில் அளப்போர் இரண்டு செய்திகளை மறத்தலாகாது. இங்குள்ள செவிலியர் பல மொழியினர். அவரவர் நன்கறிந்த மொழியில் வினா அமைய வேண்டும். இது சிறிய ஊர். கையெழுத்தைக் கண்டே ஆளை அறிந்துவிடுவர். ஆதலால், பெயரும் கையெழுத்தும் இல்லாமல் குறியிட்டு விடை தரச் செய்ய வேண்டும். தேர்வென்று அஞ்சினால், மேலதிகாரி விரும்பும் விடையே வரும், உண்மை வாராது. 'தெரியாது' என்று துணிந்து எழுதுபவரே பயிற்சிக்கு வழிகாட்டுகிறார்.

அன்பர்களே! மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு அருகிருந்து உதவுபவரையும் ஒரு கூறாக வைத்தார். அவ்வுதவுபவர் செவிலியர் மட்டுமல்லர், நாமும்தான். மருத்துவர் மார்ஃபின் எழுதித் தந்தால், 'ஐயோ, முடிந்தது' என்று அலறாதீர்கள். அது வலிக்கு மருந்து, சாவுக்கு ஓலையன்று. நம் இல்லங்களிலிருந்து செவிலியப் பணிக்குச் சென்றுள்ள பெண்மக்களே! இத்தகைய வினாத்தாள் உங்கள் கைக்கு வரும்போது உள்ளதை உள்ளவாறே குறியுங்கள். உங்கள் உண்மை, முகமறியாத ஒருவரின் இறுதி இரவுகளை உறக்கமுள்ளவை ஆக்கும்.