கோள்களை அளந்த காலடிகள்

(மாணவர் அறிவியல் அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)

 

1930ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள். இங்கிலாந்தின் ஆக்சுபோர்டு நகரில் ஒரு வீடு. காலையுணவு வேளையில் முதியவர் ஒருவர் செய்தித்தாளைப் படித்துக் கூறுகின்றார். நெப்தியூனுக்கும் அப்பால் புதியதொரு கோள் கண்டறியப்பட்டது என்பதே செய்தி. உடனிருந்த பேர்த்தி வெனீசியா பர்னிக்கு அகவை பதினொன்று. அக்கோளுக்குப் புளூட்டோ எனப் பெயரிடலாம் என்றாள் அவள். இருளுலகை ஆள்பவனாக உரோமர் கருதிய இறைவனின் பெயர் அது.

பாட்டனார் பால்கனர் மேடன், ஆக்சுபோர்டின் போட்லியன் நூலகத்தின் தலைவராயிருந்து ஓய்வு பெற்றவர். பேர்த்தியின் சொல்லைச் சிறுபிள்ளைப் பேச்சென்று அவர் தள்ளவில்லை. வானியல் பேராசிரியர் எர்பர்ட்டு தர்னரிடம் தெரிவித்தார். தர்னர் அமெரிக்காவின் இலோவெல் வான்நோக்ககத்திற்குத் தொலைவரி விடுத்தார். அவ்வாண்டு மே முதல் நாள் அப்பெயரே அறிவிக்கப்பட்டது.

இது வெறும் தற்செயலன்று. அச்சிறுமி உரோமத் தொன்மங்களை விரும்பிப் படித்தவள். அவள் பள்ளிப் பிள்ளைகள் பூங்காவில் களிமண் உருண்டைகளை உரிய இடைவெளியில் வைத்துக் கோள்களின் தொலைவைக் கற்றவர்கள். கற்றதைக் கையால் செய்து பார்த்த பிள்ளைக்கே உரிய வேளையில் உரிய சொல் வாய்த்தது.

அக்கோளைக் கண்ட கிளைடு தாம்பா என்பாரும் அப்போது பட்டம் பெற்றவரல்லர். இருபத்து நான்கு அகவை நிரம்பிய உழவர் மகன். பழைய மகிழுந்து, பாலாடை பிரிக்கும் பொறி ஆகியவற்றின் உறுப்புகளைக் கொண்டு தொலைநோக்கி சமைத்தவர். அதன்வழி செவ்வாயையும் வியாழனையும் நோக்கி வரைந்த படங்களே அவருக்கு இலோவெல் நோக்ககத்தின் கதவைத் திறந்தன.

கடையில் வாங்கிய படத்தை ஒட்டி, பொருள் விளங்காத அயன்மொழி வரிகளை நெட்டுருச் செய்து ஒப்பிப்பது ஆய்வாகுமா? ஆகாது! ஆய்வு காலடியில் தொடங்குகிறது. ஞாயிற்றுக்கும் ஞாலத்துக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டரைப் பத்துக் காலடியாகக் கொள்க. புதன் எனப்படும் அறிவன் 4ஆம் அடியிலும், வெள்ளி 7ஆம் அடியிலும், செவ்வாய் 15ஆம் அடியிலும் நிற்கும். வியாழனை எட்ட 52 அடி நடத்தல் வேண்டும். சனி எனப்படும் காரிக்கு 95, யுரேனசுக்கு 192, நெப்தியூனுக்கு 300. ஊர்த்திடலில் இதை நடந்து பார்த்த பிள்ளை, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஏன் இத்துணை வெளி என்று தானே வினவும். அவ்வினாவே அறிவியல்!

அவ்வினாவைத் தாய்மொழியில் கேட்கத் தமிழில் சொல்லுண்டு. இரும்புத் துரு கலந்த மண்ணால் சிவந்து தோன்றுவது செவ்வாய். அடர்முகில் ஒளியைத் திருப்பியனுப்ப வெண்மையாய் ஒளிர்வது வெள்ளி. காரியை மைம்மீன் எனப் புறநானூற்றில் குறித்தார் கபிலர். கண்ணால் கண்டு இட்ட பெயர்கள் இவை. பெயரின் பொருளை உணர்ந்த பிள்ளை கோளின் இயல்பையும் ஓரளவு உணர்ந்ததாகும்.

2006ஆம் ஆண்டு ஆகத்து 24ஆம் நாள் புளூட்டோ குறுங்கோள் என வகுக்கப்பட்டது. ஒன்பது பெயரை ஒப்பித்தவன் திகைத்தான். தன் வழியிலுள்ள பிற பொருள்களை விலக்கி ஆளும் வலிமை அதற்கில்லை என்பதை ஆய்ந்தவனோ வகுப்பு மாறியதன் பொருளை அறிந்தான்.

அவ்வாண்டு சனவரியில் புளூட்டோவை நோக்கி ஏவப்பட்ட நியூ ஒரைசன்சு விண்கலத்தில், கொலராடோ பல்கலைக்கழக மாணவர் ஆக்கிய துகள் எண்ணும் கருவியொன்று சென்றது. அதற்கு வெனீசியாவின் பெயரே சூட்டப்பட்டது. தொண்ணூறாம் அகவையில், 2009இல், அவர் மறைந்தார். 2015 சூலை 14இல் கலம் புளூட்டோவைக் கடந்தது. நெப்தியூனுக்கு அப்பாலும் எதிர்பார்த்ததினும் மிகுதியான துகள்கள் உள்ளன என்று அம்மாணவர் கருவியின் அளவீடுகள் 2024இல் காட்டின.

ஆசிரியர்களே! பிள்ளைகளைத் திடலுக்கு அழைத்துச் செல்க, அளக்கச் செய்க, அளந்ததை நல்ல தமிழில் அவையேறிச் சொல்லச் செய்க. அவர்கள் சொல்வதைப் பாட்டனார் மேடன்போற் செவிகொடுத்துக் கேட்க. வான் தொலைவில் இருக்கலாம். அதற்குச் செல்லும் வழி பிள்ளையின் காலடியிலேயே தொடங்குகிறது!