"படிப்பு ஏறாது" என்று சொல்லாதீர்கள்

(தோட்டப் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



காலையில் பெரட்டுக்குப் போய், அந்திக் கொழுந்தைக் கொடுத்துவிட்டு, அந்தக் களைப்போடு வந்திருக்கிறீர்கள். சுருக்கமாகவே பேசுகிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். 4ஆம் தரத்தில் ஒரு பையன். வாசிப்புப் புத்தகத்தைத் திறந்தால் வாயைத் திறக்க மாட்டான். அவனைப் பின்வரிசையில் உட்கார வைத்தேன். "இவனுக்குப் படிப்பு ஏறாதும்மா" என்று அவன் தாயிடமும் சொன்னேன். "அப்ப கொழும்புல கடைக்கு அனுப்பிடலாமா டீச்சர்?" என்று அவர் கேட்டார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு விசேட கல்விப் பயிற்சிக்குப் போனேன். திரும்பி வந்து அவனிடம் வாய்க்கணக்குக் கேட்டேன். "அம்மா 19 கிலோ எடுத்தாங்க. தண்ணிக்குன்னு 2 கிலோ வெட்டிட்டாங்க. மிச்சம் எவ்வளவு?" சட்டென்று "17" என்றான். அதே கணக்கை எழுதிக் கொடுத்தேன், வாசிக்க முடியவில்லை. புத்தி இருக்கிறது, எழுத்தில்தான் தடுமாற்றம். இதைத்தான் கற்றல் இடர்பாடு என்கிறோம். வாசிப்பில் வருவதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர். இது சோம்பலும் இல்லை, சாபமும் இல்லை. சில குடும்பங்களில் பரம்பரையாகவும் வரும்.

ஆசிரியர் டாக்டர் அல்ல. வருத்தத்துக்குப் பெயர் வைப்பது எங்கள் வேலை இல்லை. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. முதலில் கண்ணையும் காதையும் ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்வோம். காதில் சீழ் வடிகிற பிள்ளைக்குப் பாடம் சரியாகக் கேட்காது. அடுத்தது, "மலை" என்ற சொல்லைக் கைதட்டி "ம - லை" என்று பிரிக்கத் தெரிகிறதா? எழுத்தைப் பார்த்தால் ஒலி வருகிறதா? எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்க முடிகிறதா? வாசித்தது விளங்குகிறதா? ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துக் குறித்துக்கொள்வோம்.

அந்தப் பையன் கொம்பு எழுத்தில் நின்றுவிட்டான். "கொ" என்று எழுதினால் கொம்பு முன்னுக்கு நிற்கிறது. வாயில் வருவதோ "க்" முதலில். அதில் குழம்பினான். 247 எழுத்தையும் அவன் தலையில் கொட்டாமல், கொம்பை மட்டும் எடுத்தோம். மணலில் விரலால் எழுதி, சத்தமாகச் சொல்லி, தினமும் 20 நிமிடம். மூன்று மாதத்தில் "கொழுந்து" என்று தானாகவே வாசித்தான். இன்றும் மெதுவாகத்தான் வாசிக்கிறான். ஆனால் கடைக்குப் போகவில்லை, பாடசாலைக்கு வருகிறான்.

இதெல்லாம் ஒரு நாள் கருத்தரங்கில் வந்துவிடாது. ஆசிரியர் பிள்ளையோடு உட்கார்ந்து, தெரிந்தவர் பக்கத்தில் இருந்து திருத்த, பழகிப் பழகித்தான் வரும். அப்படியான பயிற்சி நம் பாடசாலைகளுக்கும் வேண்டும் என்று கூட்டங்களில் நீங்களும் கேளுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டியதும் உண்டு. பிள்ளை எப்போது பேசத் தொடங்கியது, காதுவலி வந்ததா, மாமாவோ அப்பாவோ இப்படிக் கஷ்டப்பட்டார்களா என்று டீச்சரிடம் சொல்லுங்கள். அடிக்காதீங்க. அக்காவோடு ஒப்பிட்டுப் பேசாதீங்க. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோரும் கதை சொல்லலாம், கதை கேட்கலாம்.

ஊனத்தைக் காரணம் காட்டிப் பாடசாலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. கட்டாயக் கல்வி வயதும் 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பிள்ளையை நிறுத்தும் முன் ஒரு தடவை எங்களிடம் வாருங்கள். நான் அன்று சொன்ன சொல்லை இனி எந்த டீச்சரும் சொல்லக் கூடாது. சொன்னால் நீங்கள் நம்பவும் கூடாது.