குறித்த நாளில் வராத சேனைகள்



கற்பனை உலகங்களைப் படைக்கும் கதாசிரியர்கள் எந்த நாட்டவராயினும், பெரும் யுத்தம் ஒன்றை வருணிக்கப் புகுந்தால், மலைவாசிகளும் வனவாசிகளும் நதிக்கரை நகரத்தாரும் தலைமுறை தலைமுறையாய் வளர்த்த பகையைக் கைவிட்டு ஒரே கொடியின்கீழ் வந்து நிற்கும் கட்டத்தை எழுதாமல் விடுவதில்லை. நமக்கு இது புதிதன்று. அயோத்தி அரசகுமாரனுக்கு ஓடம் விடும் வேடனும், கிஷ்கிந்தையின் வானரனும், இலங்கையை விட்டு வந்த அரக்கனும் தோழரான கதையைச் சோறுண்ணும் வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் இத்தகைய கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் எழுவதுண்டு. வெவ்வேறு திசைகளிலிருந்து புறப்பட்ட அத்தனை சேனைகளும், குறித்த நாளில், குறித்த களத்தில், ஒரு நாழிகையும் பிசகாமல் எப்படித்தான் வந்து சேர்ந்துவிடுகின்றன?

இந்தச் சந்தேகத்தை நான் நம் ஜில்லாச் சரித்திரத்திலிருந்து பெற்றேன் என்றுகூடச் சொல்லலாம். ஏனெனில் அத்தகைய கூட்டணி ஒன்று, நம் அவிநாசியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தொலைவிலுள்ள கோயம்புத்தூரைக் குறியாகக் கொண்டு, 1800ஆம் ஆண்டில் மெய்யாகவே உருவாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டதும், கொங்குநாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. அந்த வெற்றியே ஹைதராபாத் நிஜாமின் படையையும் உடன் சேர்த்துக்கொண்டு பெற்ற வெற்றி என்பதால், கூட்டுச் சேரும் வித்தையைக் கம்பெனிக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. அக்டோபர் 16ஆம் தேதி கம்பெனியை எதிர்த்த பாளையக்காரர் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். தனித்தனியே நின்றால் தனித்தனியே அழிவோம் என்ற எண்ணம், அதுவரை ஒருவரையொருவர் நம்பாதிருந்த பாளையக்காரர் பலருக்கும் அதன் பிறகே உறைத்தது.

அவர்கள் யார் யார் என்று பாருங்கள். திண்டுக்கல்லை அடுத்த விருப்பாட்சியில் கோபால நாயக்கர்; கணவரைக் காளையார்கோயில் போரில் பறிகொடுத்த வேலு நாச்சியாருக்கு 1772க்குப் பின் எட்டு ஆண்டுகள் அடைக்கலம் தந்த பாளையம் அது. சிவகங்கையில் அந்த நாச்சியாருக்குத் துணைநின்று, ஹைதர் அலியின் உதவியோடு சீமையை மீட்டுத் தந்த மருது சகோதரர்கள். காங்கேயத்துக்கும் அறச்சலூருக்கும் இடைப்பட்ட நாட்டில் ஓடாநிலைத் தீர்த்தகிரி, அதாவது தீரன் சின்னமலை. (திருச்சிப் பக்கத்து அரசுப் பேருந்துகளில் முன்பு எழுதியிருந்த பெயரென்ற அளவிலேயே இவரை அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு, அதுவும் ஒருவிதப் புகழ்தான்.) மேற்கே வயநாட்டுக் காட்டில் கேரள வர்மா பழசி ராஜா. வடக்கே, திப்புவின் சிறையிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த அன்று வெளிவந்து, சிதறிய மைசூர்ச் சிப்பாய்களைத் திரட்டிக்கொண்டு, ஈருலகுக்கும் அதிபதி என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்ட தூந்தாஜி வாக்.

தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், மராத்தி, உருது என்று இத்தனை பாஷை பேசியவர்கள் ஒரே காரியத்துக்குக் கூடினார்கள் என்பதைவிட, இவர்களிடையே இருந்த பழங்கணக்குகளே எனக்கு அதிக வியப்பைத் தருகின்றன. மைசூரார் வசூலித்துக்கொண்டு போன வரிப்பணத்தைச் சின்னமலை வழிமறித்துப் பறித்து ஏழைகளுக்குக் கொடுத்தார் என்று கொங்கு நாட்டு வாய்மொழிக் கதை சொல்கிறது. அதே சின்னமலை பிற்பாடு கொங்கு இளைஞர்களைத் திரட்டிக்கொண்டு போய்த் திப்புவின் பக்கம் நின்று போரிட்டார். பழசி ராஜாவோ மைசூர்ப் படையை எதிர்த்துப் பல்லாண்டுகள் காட்டில் போராடியவர். தூந்தாஜியையோ திப்பு சிறையிலிட்டதோடு நில்லாமல் மதமும் மாற்றியிருந்தார். இம்மூவரும் திப்பு இறந்தபின் திப்புவின் பகைவனுக்கு எதிராகவே ஒன்றுசேர்ந்தார்கள். சாஸ்வத சிநேகத்தினால் உண்டான ஐக்கியம் என்று இதை நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொருவரும் முதலில் காக்க விரும்பியது தத்தம் சீமையைத்தான். புதுக்கோட்டைத் தொண்டைமானும் எட்டயபுரத்தாரும் கம்பெனிப் பக்கமே நின்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

தாக்குதலுக்குக் குறித்த நாள் 1800 ஜூன் 3. அது முகரம் பத்தாம் நாள். தென்னாட்டு ஊர்களில் இந்துக்களும் நேர்ந்துகொண்டு கலந்துகொள்ளும் அந்தப் பண்டிகையில், பஞ்சா எடுத்து வரும் ஊர்வலமும், தப்பட்டை முழக்கமும், சிலம்பமும், வாள்வீச்சும், சுற்றுப்பட்டிச் சனங்களின் நெரிசலுமாக வீதி நிறைந்திருக்கையில், கையில் தடியோ கத்தியோ வைத்திருப்பவனை யார் ஏனென்று கேட்பார்கள்? கோயம்புத்தூரிலிருந்த முஸ்லிம் பிரமுகர்களும் சதியில் பங்கு கொண்டிருந்தமையால், கம்பெனிப் படையை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் ஒருசேர நெருக்கலாம் என்பது ஏற்பாடு. உபாயத்தில் நான் ஒரு குறையும் காணவில்லை.

குறை தூரத்தில் இருந்தது. விருப்பாட்சியிலிருந்து ஓலை கொண்டு செல்பவன் நெடுந்தூரம் போக வேண்டும். வைகாசி கழியும் அவ்வேளை வயநாட்டுக் கணவாய்களில் மழை பிடிக்கும் பருவம். தூந்தாஜியோ துங்கபத்திரைக்கு அப்பால் இருந்தார். அவரைத் துரத்தும் பொறுப்பை ஏற்றிருந்தவர், பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி. நம் பனியன் தொழிலில், நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், பவர்டேபிள் தையல் ஓரிடம் என்று பிரித்துக் கொடுத்த ஆர்டரில் ஒருவர் இரண்டு நாள் தாமதித்தால் தூத்துக்குடிக் கப்பல் தவறிப்போகும் என்பதை இந்த வட்டாரத்து நேயர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அன்று தவறியதும் அவ்விதமே. துணைப்படைகள் வந்து சேரும் முன்னரே கம்பெனி விழித்துக்கொண்டது, சதி முறிந்தது, பிடிபட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டார்கள்.

அதன்பின் கம்பெனிக்கு வேலை எளிதாயிற்று. எதிரிகள் அனைவரையும் ஒரே களத்தில் சந்திக்க வேண்டிய நிர்ப்பந்தம் நீங்கியதல்லவா? தூந்தாஜி 1800 செப்டம்பர் 10ஆம் தேதி கோணகல்லில் வெல்லெஸ்லியின் குதிரைப்படையிடம் மாண்டார். அவருடைய மூட்டை முடிச்சுகளுக்கிடையே அகப்பட்ட சலாபத் கான் என்னும் சிறுவனை வெல்லெஸ்லியே பொறுப்பேற்று, அவன் பராமரிப்புக்குப் பணமும் ஒதுக்கி வைத்தார் என்பது, யுத்த சரித்திரங்களில் அபூர்வமாய்த் தென்படும் மானுஷ்யம். கோபால நாயக்கர் 1801இல் தூக்கிலேறினார்.

கூட்டணி நாயகர்கள் ஒவ்வொருவராய் வீழ்ந்துகொண்டிருக்கையில், அந்தக் கூட்டணியின் கருத்து மட்டும் விரிந்தது என்பதே இதில் விசித்திரம். 1801 ஜூன் 16ஆம் தேதி சின்ன மருது வெளியிட்ட பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கத்துக் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அது எந்தப் பாளையத்தையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. நான்கு வருணத்தாரையும் முஸ்லிம்களையும் சேர்த்து ஜம்புத்தீவில் வாழ்வோர் எல்லோரையும் விளித்தது. 1800இல் கூடியவர்களில் பெரும்பாலோர் பாளையத்தின் அதிபர்கள். இந்தப் பிரகடனமோ, பாளையமே இல்லாதவனையும் கூட்டாளியாக்கிற்று. அவ்வாண்டு அக்டோபர் 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள்.

எஞ்சியவர்கள் இருவர். ஓடாநிலையிலும் அறச்சலூரிலும் கம்பெனியோடு மோதிய சின்னமலை, 1805 ஜூலை 31ஆம் தேதி சங்ககிரி மலைக்கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். பழசி ராஜா அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி காட்டில் உயிர் நீத்தார். பாலக்காட்டுக் கணவாயின் இருபுறத்தும் போரிட்டுக்கொண்டிருந்த இவ்விருவருக்கும் முடிவு நான்கு மாத இடைவெளிக்குள் வந்தது.

அடுத்த ஆண்டு ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில், இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களுமாக நள்ளிரவு கடந்து எழுந்து, கோட்டையைக் கைப்பற்றித் திப்புவின் கொடியையும் ஏற்றிவிட்டார்கள். இம்முறை கூட்டாளிகள் அனைவரும் ஒரே மதிலுக்குள் இருந்தபடியால் யாரும் யாருக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் ஆர்க்காட்டிலிருந்து பிரிட்டிஷ் அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை, ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் கடந்து, அன்று முற்பகலுக்குள் கோட்டை வாசலில் வந்து நின்றுவிட்டது.